பூட்டிய கதவுக்குப் பின்னால்

வீட்டைப் பூட்டிக்கொண்டு நாம் பணிக்குப் புறப்பட்ட பின்னர், உள்ளே இருக்கும் நாய்க்கு என்ன நேர்கிறது? மட்டாஞ்சேரியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் கற்ற பாடம் இது.

வங்கிப் பணியில் இருப்போருக்கு ஊர் மாறுவது புதிதன்று. பெட்டி கட்டுவதும், புதிய ஊரின் தெருப்பெயர்களைப் பழகிக்கொள்வதும் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகிவிட்டவை. அவ்வாறுதான் 2019ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து கொச்சிக்கு வந்தோம். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் பாதி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. மறுபாதியில் குஜராத்தி மூதாட்டியார் ஒருவர் வசித்து வந்தார். இரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் வீட்டுக் குக்கரின் விசில் எங்கள் வீட்டில் கேட்கும். எங்கள் வீட்டுப் பேச்சு அவருக்குக் கேட்கும்.

அடுத்த ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. வங்கிகள் மட்டும் குறைந்த நேரம் திறந்திருந்தன. ஒருநாள் பணி முடிந்து திரும்புகையில், பஜார் சாலையில் பூட்டிக் கிடந்த மிளகுக் கிடங்கு ஒன்றின் படியில் கறுப்பு நிற நாய்க்குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. கடைகள் அடைந்திருந்ததால் தெருநாய்களுக்கு உணவு கிடைக்காத காலம் அது. ஒரு வேளை பால் கொடுத்து விட்டுவிடலாம் என்று எண்ணித்தான் வீட்டுக்கு எடுத்து வந்தோம். கிடைத்த இடத்தையும் நிறத்தையும் ஒருசேர எண்ணி எங்கள் மகள் அதற்கு 'மிளகு' என்று பெயரிட்டாள். அதன்பின் அதை விடுவது எப்படி?

அடுத்த ஈராண்டுகளும் வீட்டில் எப்போதும் யாரேனும் ஒருவர் இருந்தோம். மகளுக்கு வகுப்புகள் கைப்பேசி வழியே நடந்தன. மிளகு தனிமை என்பதை அறியாமலே வளர்ந்தது. 2022 ஜூன் மாதம் எல்லாம் ஒருசேர மாறிற்று. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குச் சென்றாள். மனைவியார் ஒரு பள்ளியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். காலை 9 மணிக்கு அந்த வீடு முதன்முறையாக வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

அன்று மாலையே பக்கத்து வீட்டு மூதாட்டியார் வாசலுக்கு வந்து, "உங்கள் நாய் பகல் முழுதும் அழுதது" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். ஆனால் உள்ளூர எங்களுக்கு அது பெருமையாகவே இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மேல் எத்தனை பாசம் என்று எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணம் ஐந்தாம் நாள் உடைந்தது. கதவின் அடிப்பலகை கடித்துக் குதறப்பட்டிருந்தது. மிளகின் முன்னங்கால் நகங்கள் இரண்டு பிளந்து, தரையெங்கும் குருதித் தடம். அதே வாரம் வீட்டு உரிமையாளரும் வந்தார். தெருவிலிருந்து புகார் வருவதாகவும், ஒரு மாதத்துக்குள் நாயை அகற்ற வேண்டும் அல்லது வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிச் சென்றார்.

நன்றியா, துன்பமா?

நாய் என்றவுடன் நம் நாவில் வருவது 'நன்றி' என்னும் சொல். மகாபாரதத்தின் இறுதியில் தருமபுத்திரர் தம்முடன் நடந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகம் புக மறுக்கிறார். ஜப்பானின் ஹச்சிகோவை அறியாதவர் இலர். தோக்கியோ வேளாண் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் பணியிடத்தில் காலமான பின்னரும், 1935 மார்ச் 8ஆம் நாள் தான் இறக்கும் வரை அந்த நாய் ஷிபுயா தொடர்வண்டி நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தது. அங்கே அதற்குச் சிலையும் உண்டு.

நமக்கு அண்மையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இடுக்கி மாவட்டம் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. மடிந்தவரும் காணாமற்போனவருமாக 70 பேர். பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். அங்கே 'குவி' என்னும் வளர்ப்பு நாய் நாட்கணக்கில் தன் வீட்டாரைத் தேடி அலைந்தது. தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் சிக்கியிருந்த இடத்தை எட்டாம் நாள் மீட்புக் குழுவினருக்குக் காட்டிற்று. அதன்பின் உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தது. கேரளக் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவைச் சேர்ந்த பயிற்றுநர் ஒருவர் அதைத் தம் பொறுப்பில் எடுத்துப் பராமரித்தார். பின்னர் அது அக்குடும்பத்தில் உயிர் தப்பிய மூதாட்டியிடமே ஒப்படைக்கப்பட்டது.

இச்செய்திகளைப் படிக்கையில் நாம் நாயின் நன்றியைப் புகழ்கிறோம். ஆனால் குவியின் கதையில் நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பயிற்றுநரின் செயல். அவர் அந்த விலங்கைப் புகழ்ந்துவிட்டு நகரவில்லை. அது துன்பத்தில் இருக்கிறது என்று உணர்ந்து உதவினார். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடந்ததும் நன்றியின் வெளிப்பாடன்று, அது துன்பம். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு கால்நடை மருத்துவர் தேவைப்பட்டார்.

கைப்பேசி காட்டிய காட்சி

மருத்துவர் முதலில் மிளகின் உடலை முழுமையாகப் பரிசோதித்தார். சிறுநீர்த் தொற்று, வலி, முதுமை மறதி ஆகியவையும் இதே குறிகளைக் காட்டக்கூடும் என்பது அவர் விளக்கம். உடலில் குறையில்லை என்று கண்டபின், "நீங்கள் இல்லாதபோது என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் பார்த்ததில்லை. பழைய கைப்பேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து வைத்து, காணொளி பதிவாகும்படி செய்துவிட்டு மறுநாள் வெளியே சென்றோம்.

அந்தப் பதிவைப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. நாங்கள் சென்ற 3 நிமிடங்களுக்குள் மிளகு கதவுக்கும் சன்னலுக்குமாக நடக்கத் தொடங்கிற்று. 10 நிமிடங்களில் ஊளையிட்டது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிற்று. அதற்கு மிகப் பிடித்த வேகவைத்த கோழித்துண்டுகளைத் தட்டில் வைத்துச் சென்றிருந்தோம். அவற்றை அது முகர்ந்தும் பார்க்கவில்லை.

"பொழுது போகாத நாய் செருப்பைக் கடிக்கும், குப்பைக் கூடையைக் கவிழ்க்கும், வைத்த உணவைத் தின்னும், பிறகு தூங்கும். அச்சத்தில் இருக்கும் நாய் உண்ணாது, வெளியேறும் வழியை, அதாவது கதவையும் சன்னலையும் மட்டுமே தாக்கும்" என்றார் மருத்துவர். இதற்குப் பிரிவுப் பதற்றம் என்று பெயர். பெரும்பாலும் ஆள் சென்ற முதல் அரை மணி நேரத்துக்குள் இது வெளிப்பட்டுவிடும்.

நாய்க்கும் மனிதனுக்கும் இடையே உள்ள பிணைப்பு வெறும் சோற்றுக்கானது அன்று என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தாயிடம் குழந்தை கொண்டுள்ள பற்றை அளக்க உளவியலார் ஒரு சோதனை முறை வைத்துள்ளனர்: பழக்கமில்லாத அறையில் குழந்தையை அயலார் ஒருவருடன் விட்டுத் தாய் சற்று வெளியே சென்று திரும்புவார். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 1998இல் இதே சோதனையை நாய்களிடம் நடத்தியபோது, அவையும் குழந்தைகளைப் போன்றே நடந்துகொண்டன. நாயும் உரிமையாளரும் ஒருவரையொருவர் நோக்குகையில், தாய்ப்பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் சுரப்பு இருவரிடமும் கூடுவதை ஜப்பானிய ஆய்வொன்று 2015இல் கண்டறிந்தது.

அந்த முதல் வாரத்தில் நாங்கள் ஒரு தவறும் செய்திருந்தோம். குதறிய கதவைக் காட்டி மிளகை அதட்டினோம். அது காதைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. செய்த குற்றம் அதற்குத் தெரிகிறது என்றே நம்பினோம். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியிருக்கிறது. தவறே செய்யாத நாயும், உரிமையாளர் அதட்டினால் அதே 'குற்ற முகத்தை'க் காட்டிற்று. அது நம் குரலுக்கு அஞ்சுவது மட்டுமே. எனவே தண்டனையால் விளைவது ஒன்றுதான்: தனிமைக்கு அஞ்சிய நாய், இனி நாம் திரும்பி வருவதற்கும் அஞ்சும்.

சிறுசேமிப்பைப் போல

மருத்துவர் வகுத்துத் தந்த வழி மிக எளியது. ஆனால் பொறுமையைக் கேட்பது. தாங்கக்கூடிய அளவு சிறிய பிரிவை முதலில் கொடுத்து, அச்சம் எழுமுன் திரும்பி வந்து, அந்த அளவை மெல்ல மெல்லக் கூட்டுவது. தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகை சேர்வதைப் போல, 'போனவர் திரும்பி வருவார்' என்னும் நம்பிக்கை துளித்துளியாகச் சேர வேண்டும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

முதல் படி, புறப்பாட்டின் அடையாளங்களை வெறுமையாக்குவது. சாவிக்கொத்து ஒலித்தால், காலணி அணிந்தால், மதிய உணவுப் பையை எடுத்தால் மிளகு நடுங்கத் தொடங்கும். மணியோசை கேட்டதும் பாவ்லோவின் நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்ததைப் போல, இவ்வொலிகளைக் கேட்டதும் இதற்கு அச்சம் சுரந்தது. எனவே நாளொன்றுக்குப் பலமுறை சாவியை எடுத்தோம். எடுத்துவிட்டு நாளிதழ் படித்தோம். காலணி அணிந்து அடுக்களையில் காய் நறுக்கினோம். இரண்டு வாரங்களில் சாவியோசைக்கு அது தலையைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டது.

அடுத்து, உண்மையான பிரிவு. முதல் நாள் கதவுக்கு வெளியே 5 விநாடி மட்டுமே நின்றோம். பின்பு 10 விநாடி, 20 விநாடி. இடையிடையே 5 விநாடிக்கு இறங்கினோம். நேரம் ஏறிக்கொண்டே போனால் நாய் அதையும் கணித்துவிடும். மூன்றாம் வார முடிவில் 3 நிமிடம். ஆறாம் வாரத்தில் 20 நிமிடம். திரும்பி வருகையில் ஆரவாரமான கொஞ்சல் இல்லை. அமைதியாக நுழைந்து, அது அமர்ந்தபின் தடவிக்கொடுத்தோம். துளையுள்ள தடித்த ரப்பர் பொம்மைக்குள் தயிர்ச்சோற்றை அடைத்து உறைய வைத்து, புறப்படும்போது மட்டும் கொடுத்தோம். ஒருநாள் பதிவில் மிளகு அதை நக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இல்லாதபோது அது உண்ட முதல் உணவு அதுவே. எங்களுக்கு அன்று ஒரு பண்டிகை.

40 நிமிடம் வரையிலான பகுதியே கடினமானது என்பர் வல்லுநர்கள். அதைக் கடந்தபின் 5, 10 நிமிடங்களாகவும், பிறகு கால் மணிக் கணக்கிலும் கூட்டலாம். ஒன்றரை மணி நேரம் அமைதியாக இருக்கும் நாய் பெரும்பாலும் அரை நாளையும் தாங்கிக்கொள்ளும். எங்களுக்கு அந்த நிலையை எட்ட நான்கு மாதங்கள் ஆயின.

அந்த நான்கு மாதங்கள்

இங்கே ஒரு கேள்வி எழும். பயிற்சிக் காலத்தில் நாயைத் தாங்கும் எல்லைக்கு மேல் தனியே விடக்கூடாது. விட்டால் சேர்த்த நம்பிக்கை கரைந்துவிடும். ஆனால் காலை 10 மணிக்கு வங்கியின் கதவு திறந்தாக வேண்டுமே! தருமபுத்திரரைப் போல் வாசலிலேயே நின்றுவிட நம்மால் இயலாது.

முதலில் எங்கள் விடுப்பை ஆளுக்கொரு வாரமாகப் பிரித்துக்கொண்டோம். அதன்பின் வழி காட்டியவர், புகார் சொன்ன அதே மூதாட்டியார். நிலைமையை மறைக்காமல் அவரிடம் விளக்கி, கைப்பேசிப் பதிவையும் காட்டினோம். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "பிள்ளைகள் மும்பைக்குப் போனபின் நானும் பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறேன். காலையில் என் திண்ணையில் கட்டிவிட்டுப் போங்கள்" என்றார். கோழித்துண்டு தம் வீட்டுப் படியேறக் கூடாது என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை. பிரிவுப் பதற்றமுள்ள நாய்கள் பலவற்றுக்கு யாரேனும் ஒரு மனிதர் அருகில் இருந்தாலே போதுமானது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். ஊளை நின்றதும் வீட்டு உரிமையாளரும் தம் கெடுவைத் தளர்த்தினார்.

சறுக்கலும் நேர்ந்தது. அக்டோபரில் துலாவர்ஷம் தொடங்கிற்று. கேரளத்தில் இம்மழை பிற்பகல் இடியோடு வரும். ஒரு நாள் நாங்கள் வெளியே சென்றிருந்தபோது இடித்த இடியில், 50 நிமிடம் வரை எட்டியிருந்த மிளகு மீண்டும் கதவைப் பிராண்டிற்று. மனம் சோர்ந்து மருத்துவரிடம் சென்றோம். "5 நிமிடத்துக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள், இம்முறை விரைவாக ஏறுவீர்கள்" என்றார். அவ்வாறே ஆயிற்று. வானம் கறுக்கும் நாட்களில் சன்னலை மூடி, வானொலியை மெல்லிய ஒலியில் பாடவிட்டுச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

எல்லா நாய்களுக்கும் பயிற்சி மட்டுமே போதும் என்று சொல்லிவிட முடியாது. பதற்றம் மிகுந்தவற்றுக்கு மருந்தும் உண்டு. நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென க்ளோமிப்ரமின் 1998இலும், ஃப்ளூவாக்செடின் 2007இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றன. இவை மயக்க மருந்துகள் அல்ல. அச்சத்தைத் தணித்துப் பயிற்சி மனத்தில் பதிய உதவுபவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கால்நடை மருத்துவர் எழுதித் தராமல், நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்கலாகாது. அருகில் இத்துறை அறிந்தவர் இல்லையெனில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். கேரளத்தில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் அத்தகைய கல்லூரி உண்டு.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கால்கூட வளர்ப்பு விலங்குகளுக்குத் தடை விதிக்க இயலாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நம் பங்குக்கு வெறிநாய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி உரிமமும் முறையாக இருத்தல் வேண்டும். ஆயினும் சுவருக்கு அப்பால் இருப்பவரின் உறக்கத்தைச் சட்டப் புத்தகத்தால் ஈடுசெய்ய முடியாது. அவரிடம் நேரில் சென்று பேசுவதே எங்களுக்குப் பயன் தந்தது.

நெடும் பிரிவுக்கு முன்

மட்டாஞ்சேரி புறப்பாடுகளை நன்கறிந்த ஊர். 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலோர் கடந்த நூற்றாண்டில் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டுச் சென்றனர். இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் வெளிநாட்டுக் கணக்குகளை எங்கள் மேசையில் நாள்தோறும் தொடங்குகிறோம். பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்கிவரச் செல்லும் மூத்த வாடிக்கையாளர்களும் பலர். நாமினி பெயர், நிலையான கட்டளை, வைப்பு நிதிப் புதுப்பிப்பு என அனைத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்பவர்கள், வீட்டு நாயைப் பற்றிப் புறப்படும் வாரத்தில்தான் எண்ணுகின்றனர்.

அதற்கும் முன்னேற்பாடு தேவை. பார்த்துக்கொள்ளப் போகிறவர் இரண்டு மாதம் முன்பிருந்தே வந்து உணவு கொடுக்கட்டும். உலாவ அழைத்துச் செல்லட்டும். நாயை வேறு வீட்டில் விடுவதாயின் முதலில் ஒரு மணி நேரம், பின்பு ஒரு பகல், பின்பு ஓர் இரவு எனப் பழக்குங்கள். அதன் பழைய பாயைத் துவைக்காமல் உடன் அனுப்புங்கள். உணவுக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். நாய்களுக்கான காப்பீட்டைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில வழங்குகின்றன. நடத்தைச் சிகிச்சை அதில் அடங்குமா என்பதைப் படித்துப் பார்த்தபின் எடுங்கள்.

எங்கள் கிளை அதன்பின் இருமுறை மாறிற்று. நல்வாய்ப்பாக இரண்டும் கொச்சிக்குள்ளேயே அமைந்ததால் வீடு மாறவில்லை. அடுத்த மாற்றம் தமிழ்நாட்டுக்காக இருக்கலாம். புதிய வீட்டில் மிளகின் கணக்கு மீண்டும் 5 விநாடியிலிருந்து தொடங்கும் என்பதை அறிவோம். முதல் வாரம் விடுப்பு எடுக்க வேண்டும் என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறோம். மூதாட்டியாரை மிளகு எவ்வாறு பிரியும் என்பதும், மிளகை அவர் எவ்வாறு பிரிவார் என்பதும்தான் எங்களுக்குள்ள கவலை.

இன்று காலையும் 9 மணிக்குக் கதவைப் பூட்டினோம். சன்னல் வழியே பார்த்தபோது மிளகு ரப்பர் பொம்மையை முன்னங்கால்களுக்கிடையே வைத்து நக்கிக்கொண்டிருந்தது. எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நினைவிற் கொள்ள

• நாய்க்குட்டி வந்த முதல் வாரத்திலிருந்தே, வீட்டில் ஆள் இருக்கும்போதும், சில நிமிடம் தனியறையில் இருக்கப் பழக்குங்கள்.

• புறப்படுவதற்கு அரை மணி முன்னரே உலாவ அழைத்துச் சென்று வந்துவிடுங்கள்.

• ஐயமிருந்தால் முதல் அரை மணி நேரத்தைக் காணொளியாகப் பதிந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

• பதற்றமுள்ள நாயைக் கூண்டில் அடைத்துச் செல்லாதீர்கள்; தப்ப முயன்று பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும்.

• பொம்மைக்குள் வைக்கும் உணவில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது.

• துணைக்கென்று இன்னொரு நாயை வாங்குமுன் சிந்தியுங்கள். அது தேடுவது மற்றொரு நாயை அன்று, உங்களை.